அல்க்மார் முற்றுகையும் யோகமலரின் தூசித் துணியும்

பிரேபன் குப்புறப் படுத்துக் கிடந்தார். கோபமும் இல்லை, துக்கமும் இல்லை, டாக்டர் சொன்னபடிதான். விழித்திரையில் ஓட்டை விழுந்து, அதை அடைப்பதற்காகக் கண்ணுக்குள்ளே ஒரு காற்றுக் குமிழியை விட்டிருந்தார்கள். குமிழி மேலே ஏறி ஓட்டையில் போய் ஒட்ட வேண்டுமென்றால் மனுஷன் முகத்தைக் கீழே வைத்தே கிடக்க வேண்டும். திங்கட்கிழமை தொடங்கியது, சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும். சாப்பிடவும் கழிவறைக்குப் போகவும் எழும்பலாம், அப்போதும் நிலத்தைப் பார்த்தபடிதான் நடக்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் சில்க்போர்க் என்கிற டெனிஷ் ஊரில் பஸ் ஓட்டிய ஆளுக்கு இது என்ன மாதிரித் தண்டனை என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். முன்னுக்கு என்ன வருகிறது என்று தெரியாமல் ஐந்து நாள்.

அவரைப் பார்த்துக்கொள்ள அனுப்பப்பட்டவள் யோகமலர். வயது ஐம்பத்து நாலு. இருபத்திரண்டு வருஷம் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடித்தவள். தொழிற்சாலை மூடியதும், வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிற நிறுவனமொன்றில் விகாராகச் சேர்ந்தாள். விகார் என்றால் பதில் ஆள். யாருக்குக் காய்ச்சலோ அவருடைய வேலை, யாருக்கு லீவோ அவருடைய வேலை. அடுத்த கிழமை வேலை உண்டா இல்லையா என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரியவரும். இந்த மாதத்தோடு ஆறு மாதம் முடிகிறது. நிரந்தரமாக எடுப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று வருகிற திங்கட்கிழமை முடிவு.

"உங்களைப் பற்றி எல்லாரும் நல்லாத்தான் சொல்லுகினம்," என்று மேலாளர் அன்னா சொல்லியிருந்தாள். "ஆனா பிரேபன் என்ன சொல்லுறார் எண்டு பாக்கவேணும். திங்கக்கிழமை அவருக்குப் போன் எடுப்பன்."

டெனிஷ் மொழியில் எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'தான். யோகமலரின் காதில் மட்டும் அது 'நீங்கள்' என்றே விழும். அந்தக் காதின் வளர்ப்பு அப்படி.

பிரேபன் அவளுக்கு முன்னால் நாலு பேரைத் திருப்பி அனுப்பியவர். ஒருத்தி சத்தமாகக் கதவைச் சாத்தினாளாம். ஒருவன் மூன்று நிமிஷம் பிந்தி வந்தானாம். மற்ற இருவரும் என்ன பாவம் செய்தார்களோ, அது நிறுவனத்திலேயே யாருக்கும் தெரியாது. இந்த ஆளின் வாயில் நல்ல வார்த்தை வாங்கினால் வேலை, இல்லாவிட்டால் ஐம்பத்து நாலு வயதில் மறுபடி வரிசையில் போய் நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்து நல்லூரானுக்கும் திருகோணமலைக் கோணேசருக்கும் சேர்த்தே நேர்த்தி வைத்துவிட்டுத்தான் அவள் அந்தக் கிழமை வேலைக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு என்ரை தம்பி வில்லி வாறான். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு."

"நல்ல விஷயம்," என்றாள் யோகமலர்.

"நல்லதோ கெட்டதோ, வந்தாப் பிறகுதான் தெரியும். பின்னறையைத் தூசி தட்டிவிடுங்கோ. அவன் தூசியைக் கண்டா அதுக்கும் ஒரு கதை சொல்லுவான். ஆனா கவனம். அங்க ஒண்டும் விழக்கூடாது."

"ஓம். ஒண்டும் விழாது."

தூசித் துணியும் கையுமாகப் போய்ப் பின்னறைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்த அறையை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. நடுவிலே ஒரு பிங்பொங் மேசை. மேசையின் ஒரு பக்கத்தில் கடதாசிக் கூழால் செய்த மதில், கோபுரம், காற்றாலை, சின்னச் சின்ன ஓட்டு வீடுகள். முகப்பில் 'அல்க்மார் 1573' என்று ஒரு பலகை. மதிலைச் சுற்றி விரல் நீளத்து ஈயச் சிப்பாய்கள், நூற்றுக்கணக்கில். ஒவ்வொருவனுக்கும் மீசை வரைந்திருந்தது. அதெல்லாம் வடிவுதான். ஆனால் சிப்பாய்களில் அரைவாசிப் பேர் விழுந்து கிடந்தார்கள்.

மதிலடியில் குவியலாகக் கிடந்தார்கள். பள்ளத்துக்குள்ளே கிடந்தார்கள். ஏணியோடு சேர்ந்து கிடந்தார்கள். ஒன்றும் விழக்கூடாது என்று சொல்லியிருக்கிறார் மனுஷன், இங்கேயோ விழ வேண்டியதெல்லாம் ஏற்கனவே விழுந்து முடிந்திருந்தது. சன்னலடியால் காற்று வந்திருக்கும், அல்லது அவள் கதவைத் திறந்த அதிர்வாயிருக்கும். யார் விழுத்தினால் என்ன, நாளைக்கு அவர் எழும்பி வந்து பார்க்கும்போது பழி யார் தலையில்? அறைக்குள் கடைசியாகப் போன ஆளின் தலையில்தான்.

மற்ற வீட்டு வேலைகளை எல்லாம் முடித்துவிட்டு, ஒரு மணிக்கு, சம்பளமில்லாத சொந்த நேரத்தில் அவள் திரும்பி வந்தாள். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொருவனாக எடுத்து, காது குடைகிற பஞ்சுக் குச்சியால் முகத்தைத் துடைத்து, நிமிர்த்தி வைத்தாள். நிமிர்த்துவது என்று வந்த பிறகு கண்டபாட்டுக்கு வைக்க முடியுமா? உயரமானவன் பின்னுக்கு, கட்டையன் முன்னுக்கு. ஈட்டிக்காரன் ஈட்டிக்காரனோடு, துவக்குக்காரன் துவக்குக்காரனோடு. எந்தப் பக்கம் பார்க்க வைப்பது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. வீட்டில் சாமிப் படங்கள் எந்தப் பக்கம் பார்க்குமோ அந்தப் பக்கம். ஏற்கனவே நின்றவர்களையும் பிடித்துத் திருப்பி, எல்லாருமாகக் கிழக்குப் பார்க்க, அதாவது சன்னல் பக்கம் பார்க்க வைத்துவிட்டாள். நகரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படை முழுவதும் வெளியே தெரிந்த ஏரியை வேடிக்கை பார்த்தது.

மேசை விளிம்பில் ஒரு நீலக் கம்பளித் துணி கிடந்தது, மேசையில் கால்வாசியை மூடிக்கொண்டு, ஒன்பது வருஷத் தூசியோடு. அதை உதறினாள், தும்மினாள், கொண்டுபோய் மெஷினில் போட்டாள். தூசிப்பூச்சி சாக வேண்டுமென்றால் அறுபது டிகிரி. இது அவள் பயிற்சியில் படித்தது.

நாலு மணிக்கு எல்லாம் முடிந்தது. ஒரு படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு அவளைப் போல் சந்தோஷமான ஆள் சில்க்போர்க்கில் இல்லை.

புருஷன் கோணேஸ்வரன் ஒரு சன்னல் தொழிற்சாலையின் களஞ்சியத்தில் வேலை செய்கிறவன். டெனிஷ்காரரின் கோழிக்கிறுக்கல் கையெழுத்தைக் காலை முதல் மாலை வரை வாசிப்பதுதான் அவனுடைய தொழில். மனைவி நீட்டிய படத்தைப் பார்த்து முதலில், "வடிவாய்த்தான் இருக்கு," என்றான். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தை விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தான். மேசைக்குப் பின்னால் சுவரில் வரிசையாகத் தபாலட்டைகள் குத்தியிருந்தன.

"இஞ்ச பாருங்கோ, இந்த அட்டையில என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சனீங்களே?"

"தூசி தட்டினனான். வாசிக்கேல்லை."

"'மார்ச். மதிலில இருந்து கொதிக்கிற தார் ஊத்தினான். உன்ரை ஆக்கள் பதினாலு பேர். படுக்க வை.' இப்பிடிக் கிடக்கு. அடுத்தது ஏப்ரல். 'ஏணி முறிஞ்சது. ஒன்பது பேர். படுக்க வை.'"

யோகமலர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அவங்கள் விழுந்தவங்கள் இல்லையப்பா," என்றான் கோணேஸ்வரன். "செத்தவங்கள்."

பிறகு அவன் போனில் தேடி, தேடியதை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்புவித்தான். அல்க்மார் என்பது ஒல்லாந்தில் ஒரு பட்டினம். ஸ்பானிய ராசாவுக்கு எதிராக ஒல்லாந்துக்காரர் கிளம்பின காலத்தில், ஸ்பானியர் பெரிய படையோடு வந்து அதை வளைத்துக்கொண்டார்கள். ஏழு கிழமை முற்றுகை. ஊர்ச் சனம், பெண்பிள்ளைகள் உட்பட, மதிலில் ஏறிக் கொதிதாரை ஊற்றியது. கடைசியில் அணைகளை வெட்டித் தண்ணீரைத் திறந்துவிட, கால் நனைந்த ஸ்பானியர் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அட்டைகளைப் பார்த்தால், அண்ணனும் தம்பியும் தபாலில் விளையாடுகிற விளையாட்டு அது. அண்ணன் ஸ்பானியர், தம்பி பட்டினம். கடைசி அட்டையில் தம்பி எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'அணையைத் திறக்கிறேன். கடல் உள்ளே வருகிறது. சனிக்கிழமை நானே வந்து பார்க்கிறேன்.'

"கடல் எண்டு அங்க ஏதும் இருந்ததே?" என்று கேட்டான்.

யோகமலருக்கு அந்த நீலத் துணி நினைவுக்கு வந்தது. "அதை அறுபதில தோய்ச்சனான்."

கோணேஸ்வரன் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவன் பட்ட பாடு அவளுக்குத் தெரிந்தது, அதனால் இன்னும் கோபம் வந்தது. "விடியப் போய் ஒரு இருநூறு பேரைச் சாய்ச்சுவிடுங்கோ," என்றான். "அந்த மனுசனுக்கு ஒரு கண், அதுவும் அரைக்கண். ஆர் எண்ணப்போயினம்?"

சனிக்கிழமை அவளுக்கு லீவு. இருந்தும் பத்து மணிக்குப் போய் நின்றாள். கைத்துணியை மறந்துவிட்டுப் போனேன் என்று பிரேபனின் முதுகுக்கு ஒரு பொய் சொல்லிவிட்டுப் பின்னறைக்குள் புகுந்தாள். மெஷினில் விட்டுப்போன கடலை எடுத்து வந்து விரித்துப் பார்த்தாள். நேற்று மேசையில் கால்வாசியை மூடியிருந்த கடல் இன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டுக்குக் கீழே விரிக்கிற துணி அளவுக்கு வந்திருந்தது. நாலு பக்கமும் இழுத்துப் பார்த்தாள். கடல் அசையவில்லை.

சரி, ஆட்களைப் படுக்க வைப்போம் என்று ஒருவனைத் தூக்கினாள். அவனுக்கு ஒரு பக்க மீசை கொஞ்சம் கோணல். இவன் செத்தவனா, இருந்தவனா? நேற்று இவனை நிமிர்த்தினேனா, திருப்பினேனா? தெரியவில்லை. படுக்க வைத்தாள். பார்த்தாள். மறுபடி நிமிர்த்திவிட்டு அடுத்தவனை எடுத்தாள். அவன் ஒரு மேளக்காரன், பொடியன் முகம். இவன் உறுதியாய்ச் செத்திருக்க மாட்டான் என்று பட்டது, வைத்துவிட்டாள். ஒரு மணி நேரம் இப்படியே போனது. யார் நிற்பது, யார் கிடப்பது என்று ஆட்களைப் பிரித்த கைகளை அவள் ஊரில் யுத்த காலத்தில் பார்த்திருக்கிறாள். அந்த வேலை அவளால் ஈயத்தில்கூடச் செய்ய முடியவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பிரேபன் எழும்பி வந்து கோப்பி கேட்டபோது ஸ்பானியப் படையில் ஒருவர்கூடச் சாகவில்லை.

"இண்டைக்கு உங்களுக்கு லீவு எல்லோ?" என்றார் பிரேபன். ஐந்து நாள் தலையணையில் கிடந்து கன்னம் இரண்டிலும் மடிப்பு விழுந்திருந்தது. ஒரு கண்ணில் மூடி.

"விருந்தாளி வாறார். கோப்பி போட்டுத் தந்திட்டுப் போறன்," என்றாள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். பிரேபன் கண்ணாடியின் முன்னால் நின்று, அரைக்கண்ணோடு, தலைமயிரை மூன்றாவது முறையாகச் சீவிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது.

வில்லி இரண்டு மணி தாண்டி இரண்டாவது நிமிஷம் வந்தார். மெலிந்த ஆள், முதுகில் பை, கையில் ஒரு குறிப்புப் புத்தகம். ரண்டர்ஸில் இருந்து பஸ்ஸில் வந்திருந்தார். ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்துகொண்டு ஒன்பது வருஷம் பாராமல் இருந்திருக்கிறார்கள். ஒரு ஈஸ்டர் விருந்தில், அண்ணன் தாயக்கட்டையைச் சுண்டுவிரலால் புரட்டினான் என்று தம்பி சொன்னதில் வந்த வினை. அதற்குப் பிறகு பேச்சில்லை. மாதம் ஒரு அட்டை, அதில் ஒரு நகர்த்தல், சுகம் விசாரிப்பு கிடையாது. இப்போது தெருவில் நின்ற சிவப்புத் தபால்பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் வேறு ஆட்கள் அனுப்புவார்களாம். அந்த ஏற்பாடு வில்லிக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் நேரில் வந்தார்.

"பஸ் ரெண்டு நிமிஷம் பிந்தி," என்றார் வில்லி.

"அந்த ரோட்டில எப்பவும் பிந்தும்," என்றார் பிரேபன்.

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு அதுதான். யோகமலர் கோப்பித் தட்டோடு பின்னால் போனாள்.

பின்னறைக் கதவு திறந்தது. வில்லி மேசையைப் பார்த்தார். குறிப்புப் புத்தகத்தை விரித்தார். மறுபடி மேசையைப் பார்த்தார்.

"இருநூற்றுப் பன்னிரண்டு பேர் செத்தவை," என்றார். "இஞ்ச ஒருத்தனும் சாகேல்லை."

பிரேபன் நல்ல கண்ணை மேசைக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"என்ரை கடல் எங்க?" என்றார் வில்லி.

கடல் ஒரு மூலையில் சதுரமாகக் கிடந்தது.

"ஒன்பது வருஷம்," என்றார் வில்லி. "ஒன்பது வருஷம் நான்தான் பிழையோ, நான்தான் பிழையோ எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான். இண்டைக்கு வந்து மன்னிப்புக் கேப்பம் எண்டு பஸ்ஸில வரேக்க சொல்லிப் பாத்தனான். நீ மாறவே இல்லை, பிரேபன்."

"நான் அஞ்சு நாளாய்க் குப்புறக் கிடந்தனான்."

"அப்ப ஆர் செய்தது?"

பிரேபன் யோசித்தார். நேர்மையான மனுஷன், நேர்மையாகவே யோசித்தார். "வீட்டுக்கு வந்தது இவ ஒராள்தான். இவவாய் இருக்கேலாது. தூசி தட்டேக்க ஆக்கள் விழுவினம். முந்தி வந்த ரெண்டு பேர் விழுத்தினவை, அதுதான் அனுப்பினனான். தூசித் துணியால செத்தவனை எழுப்பின ஆள் உலகத்தில இல்லை."

"அப்ப நீதான்," என்றார் வில்லி. நடைக்குப் போய்ச் சப்பாத்தை எடுத்தார்.

யோகமலர் தட்டோடு நின்றாள். பாருங்கள், தப்பிவிட்டாள். பிரேபனே அவளை விடுதலை செய்துவிட்டார். இனிக் கோப்பியை வைத்துவிட்டுப் பேசாமல் வெளியே போனால் திங்கட்கிழமை வேலை நிரந்தரம். வில்லியின் ஒரு கால் சப்பாத்துக்குள் போய்விட்டது. மற்றக் காலும் போய்விட்டால் இந்த இரண்டு பேருக்கும் இனி ஒரு அட்டைகூட இல்லை, பெட்டியையே கழற்றிவிட்டார்கள். பிரேபன் மேசையைப் பிடித்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி நின்றார். டாக்டர் சொன்ன கெடு முடிந்தும் நிமிரவில்லை.

"நான்தான்," என்றாள். தட்டை ஸ்பானியருக்குப் பக்கத்தில் வைத்தாள். "ஒண்டும் விழக்கூடாது எண்டு சொன்னவர். வந்து பாத்தா விழுந்து கிடந்தினம். நான் எழுப்பி வைச்சிட்டன்."

வில்லி ஒரு சப்பாத்தோடு திரும்பி வந்தார். "எல்லாரையுமோ?"

"எல்லாரையும். முகமும் துடைச்சனான்."

"ஏன் எல்லாரும் சன்னலைப் பாக்கினம்?"

"அதுதான் கிழக்கு. எங்கட வீட்டில சாமியெல்லாம் கிழக்குத்தான் பாக்கும்."

வில்லி மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "ஸ்பானியர் கத்தோலிக்கர்," என்றார் மெதுவாக. "அவையின்ரை கோயிலும் கிழக்குத்தான் பாக்கும்."

"கடல்?" என்றார் பிரேபன். "கடலுக்கு என்ன நடந்தது?"

"தோய்ச்சனான்."

"எத்தினையில?"

"அறுபதில."

பிரேபனின் முகத்தில் அப்போதுதான் உண்மையான வேதனை தெரிந்தது. "அது கம்பளி," என்றார். "கம்பளியை ஆராவது அறுபதில தோய்ப்பினமா?"

வில்லி கடலை எடுத்து உள்ளங்கையில் விரித்துப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாராக்கும் என்று யோகமலர் பயந்தே போனாள். பிறகு சத்தம் வந்தது. ஒன்பது வருஷம் அடைத்து வைத்த சிரிப்பு. பிரேபன் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, சிரிக்கக்கூடாது, குமிழி, குமிழி என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சிரித்து முடிந்த பிறகுதான் கணக்குப் பார்த்தார்கள். வில்லி எழுதிய அட்டைகள் இந்தச் சுவரில் இருந்தன. பிரேபன் எழுதியவை ரண்டர்ஸில் வில்லியின் சுவரில் இருந்தன. இரண்டையும் சேர்த்து, ஒரு மாதத்துக்கு ஒரு அட்டையாக வாசித்து வந்தால் முற்றுகையைத் திரும்பக் கட்டிவிடலாம். சனிக்கிழமைக்கு ஆறேழு அட்டை பார்க்கலாம்.

"அப்ப நீ ஒவ்வொரு சனியும் வரவேண்டி இருக்கும்," என்றார் பிரேபன், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

"அந்த பஸ் பிந்தாமல் வந்தா வருவன்."

"நான் வாசிக்கிறன், எனக்குக் கண் ரெண்டும் இருக்கு," என்று வில்லி யோகமலரிடம் திரும்பினார். "நீங்கள் செத்தவையைப் படுக்க வையுங்கோ. உங்கட கை நடுங்காது."

"மாட்டன்," என்றாள் யோகமலர். வேலை போனது போனதுதான், இனி என்ன பயம். "எழுப்பச் சொன்னா எழுப்புவன். ஒருத்தரையும் படுக்க வைக்கமாட்டன்."

இருவரும் அவளைப் பார்த்தார்கள். பிரேபன் ஆறிப்போன கோப்பியை எடுத்துக் குடித்தார்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அன்னா போன் எடுத்தாள். "பிரேபனோட கதைச்சனான், இருபது நிமிஷம். அவர் சொன்னதை அப்பிடியே எழுதினனான், வாசிக்கிறன். 'சொல்லாத வேலையெல்லாம் செய்வார். கம்பளியை அறுபதில் தோய்ப்பார். இவரைத் தவிர வேறு யாரும் என் வீட்டுக்கு வரக்கூடாது.' யோகமலர், இதை நான் என்னெண்டு எடுக்கிறது?"

"நீங்கள் என்னெண்டு எடுத்தீங்கள்?"

"நிரந்தரமெண்டு எடுத்தனான்," என்றாள் அன்னா.

ஒரு சனிக்கிழமை கழிந்து வந்த வெள்ளிக்கிழமை அவள் பின்னறைக்குத் தூசி தட்டப் போனபோது சுவரில் ஒரு புது அட்டை குத்தியிருந்தது. வில்லியின் கையெழுத்து, அவளுக்காகவே பெரிய எழுத்தில்: 'புது விதி. செத்தவர்கள் படுக்கக்கூடாது. சன்னலுக்குப் போக வேண்டும்.' சன்னல் விளிம்பில், முதல் ஆறு அட்டைகளில் செத்த இருபத்தொரு பேர் ஒரு வரிசையாக நின்றார்கள். கோணல் மீசைக்காரன் நடுவில் நின்றான். எல்லாரும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கவனம்," என்று முன்னறையிலிருந்து பிரேபன் சத்தம் போட்டார். "ஒண்டும் விழக்கூடாது."

"ஓம்," என்று சொல்லிவிட்டு அவள் ஒவ்வொருவனாக எடுத்துத் துடைத்து, நின்ற இடத்திலேயே திரும்ப நிற்க வைத்தாள்.